என் துறைக்கு எதிராக நான் எழுதிய நான்கு பக்கங்கள்

இதை வாசிக்கும் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நீங்கள் அன்று அந்த அறையில் இல்லை, அதனால்தான் அழைக்கிறேன். அறையில் இருந்தவர்கள் இன்று ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். நான் தோற்றேன் என்கிறார்கள் சிலர். நான் மன்னிப்புக் கேட்டேன் என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் உங்கள் முன் வைக்கிறேன். கேட்டு முடித்தபின் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயுங்கள். பாதியில் எழுந்து போவதை மட்டும் நான் ஏற்பதற்கில்லை.

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது எங்கள் சமுதாயக் கல்லூரி. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், திருமணமாகிப் பத்தாண்டு கழித்துப் படிக்க வந்தவர்கள், கடையில் நின்றுகொண்டே ஒரு சான்றிதழ் பெற்றுவிடத் துடிப்பவர்கள் ஆகியோருக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்புகள் அங்கே உண்டு. தையல், கணினி, குளிர்சாதனப் பழுது, நோயாளிப் பராமரிப்பு, இவற்றோடு ஆங்கிலம். ஆங்கிலத் துறை என்பது ஓர் அறை, இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் துறைத்தலைவர். பெரியவர்களுக்குப் பாடம் நடத்தியே தலை நரைத்த அந்த அம்மையாரை நாங்கள் எல்லோரும் மேடம் என்றே அழைப்போம். மற்றவன் நான்.

நான் மேடையில் வளர்ந்தவன். பள்ளியில் தொடங்கிக் கல்லூரி முடியும்வரை பேச்சுப் போட்டி என்று எங்கே அறிவித்தாலும் போய் நின்றிருக்கிறேன். பெரும்பாலும் கோப்பையோடு திரும்பியிருக்கிறேன். தமிழ்வழியில் படித்தவன் ஆங்கிலம் கற்பிப்பதா என்று எவரேனும் இளக்காரமாகக் கேட்டால், ஆம், அதனால்தான் நன்றாகக் கற்பிக்கிறேன் என்று பதில் சொல்வேன். இதை அடக்கமாகச் சொல்லும் விதம் எனக்குக் கைவரவில்லை.

எங்கள் வகுப்புக்குப் பாடநூல் கிடையாது. திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டில் கிடக்கும், இதுவரை யாருக்கும் புரியாத ஆங்கிலத் தாள் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அதை வீட்டுத் தாள் என்போம். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாள் வரும். இன்சூரன்ஸ் பத்திரம் வரும். பூச்சிமருந்து டப்பாவோடு வந்த, எறும்பு அளவு எழுத்துள்ள துண்டுச்சீட்டு வரும். வங்கி அனுப்பியதை ஐந்தாண்டுகளாகப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்து உறையோடு கொண்டுவந்தவர் உண்டு. அன்றைக்கு அந்தத் தாள்தான் பாடம். வாசிப்போம், புரிந்துகொள்வோம், பதில் எழுத வேண்டியதாக இருந்தால் எழுதுவோம். இந்த வழியை மேடம் உருவாக்கினார். இதைவிடச் சிறந்த ஆங்கில வகுப்பை நான் எங்கும் கண்டதில்லை என்று எந்த மேடையிலும் சொல்வேன்.

கடந்த ஆண்டின் இறுதியில் நிர்வாகத்திடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வரும் ஐந்தாண்டுகளில் தம் துறை எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் திட்டம் எழுதித் தர வேண்டும். நான்கு பக்கத்துக்கு மிகக் கூடாது. கூட்டத்துக்கு ஒரு மாணவரையும் அழைத்துவர வேண்டும். மற்றத் துறைகளுக்கு அது சடங்கு. எங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. வெளி நிறுவனம் ஒன்று பேச்சு ஆங்கில ஆய்வுக்கூடம் அமைத்துத் தருவதாக முன்வந்திருந்தது. வரிசையாகக் கணினிகள், காதில் மாட்டும் கருவிகள், உச்சரிப்பைத் திருத்தும் மென்பொருள். அவை வைக்க ஓர் அறை வேண்டும். எங்கள் அறையே காற்றோட்டமானது. ஆய்வுக்கூடம் வந்தால் ஆங்கில வகுப்பு தேவையில்லை என்று செயலர் நினைக்கிறார் என்பதைக் கல்லூரியில் அறியாதார் இல்லை. திட்டம் எடுபடாவிட்டால் எங்கள் துறை அந்தக் கல்வியாண்டோடு முடிந்தது.

திட்டத்தை எழுதும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் பயின்ற பேச்சு மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தலைப்பானாலும் முதலில் எதிர்த்தரப்பை எழுத வேண்டும். பேருக்கு எழுதுவதல்ல, எதிராளி தானே எழுதினாலும் அதைவிட நன்றாக எழுத முடியாது என்னும்படி எழுத வேண்டும். அதன்பிறகே நம் தரப்பு. எதிர்த்தரப்புக்கு எண் ஒன்று. நம் தரப்புக்கு எண் இரண்டு. அந்த ஒழுங்கை நான் மீறியதே இல்லை. இம்முறையும் மீறவில்லை. ஆங்கிலத் துறையை ஏன் மூட வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதினேன். ஏன் மூடக் கூடாது என்று ஆறு பக்கம் எழுதினேன். அதைச் சுருக்க நாள் இருந்தது.

முதல் கட்டுரையை மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்து முடித்தார்.

"ஏப்பா, இதப் படிச்சா எனக்கே கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பிடலாம்னு தோணுது. எதிரிக்கு எவனாச்சும் இம்புட்டு நல்லா எழுதுவானா?"

"அப்படி எழுதினாத்தான் மேடம் நம்ம பதில் நிக்கும்."

"நிக்கும், நிக்கும். மொதல்ல இதக் கிழிச்சுப் போடு. யார் கண்ணுலயாச்சும் பட்டுறப் போகுது."

நான் கிழிக்கவில்லை, அழிக்கவும் இல்லை. நன்றாக வந்த எழுத்தை அழிக்க எனக்கு மனம் இடம் தராது. ஒன்று, இரண்டு என்று எண்ணிட்ட இரு கோப்புகளும் ஒரே பென் டிரைவில் இருந்தன. இரண்டாம் கட்டுரையைச் சுருக்கி மறுநாள் அதில் ஏற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி, வினாத்தாள் அச்செடுக்க அந்தப் பென் டிரைவை அலுவலகத்தில் கொடுத்திருந்தேன். அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல். மேடம் பழனிப் பக்கம் ஒரு தேர்வு மையத்துக்கு மேற்பார்வைக்குப் போய்விட்டார். அன்றுதான் திட்டங்களுக்குக் கடைசி நாள்.

கூட்டம் நடந்த அன்று, நீள மேசையைச் சுற்றித் துறைத்தலைவர்கள் அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னும் எல்லாத் துறைகளின் திட்டங்களும் தைத்து வைக்கப்பட்டிருந்தன. எங்கள் மாணவியை என் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். பேகம்பூரைச் சேர்ந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய், அவருடைய தந்தைக்குத் தோல் வியாபாரம். தந்தையின் கண் மங்கியபின் மண்டியின் கடிதப் போக்குவரத்து அவர் கைக்கு வந்திருந்தது.

மேடம் தாளைப் புரட்டினார். பிறகு மேசைக்கடியில் என் முழங்காலைக் கிள்ளினார்.

"தம்பி. மொத வரியப் பாரு."

பார்த்தேன். 'தன் காலம் முடிந்துவிட்டதை உணர்ந்து விலகிக்கொள்ளும் துறையே நேர்மையான துறை.' அது என் வரி. கீழே ஆங்கிலத் துறை என்று அச்சாகியிருந்தது.

செயலர் தொண்டையைச் செருமினார். வெங்காய மண்டி வைத்து மேலே வந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்; அதை அவரே எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். நம் ஊர்ப் பிள்ளைகள் நேர்காணலில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வருகிறார்கள் என்ற கவலை அவருக்கு உண்மையாகவே உண்டு. அவரை வில்லனாக நான் உங்களிடம் காட்டப் போவதில்லை.

"எல்லா டிபார்ட்மெண்டும் எனக்கு அது வேணும், இது வேணும்னு எழுதியிருக்கீங்க. இங்கிலீஷ்காரங்க மட்டுந்தான் நேர்மையா எழுதியிருக்காங்க. நேத்து வீட்டுல ஆளு வச்சு ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்படியே நெஞ்சுல எறங்குது." அவர் முதல்வரிடம் திரும்பினார். "அந்த மூணாவது பக்கத்த வாசிங்க."

முதல்வர் வாசித்தார். 'வாசிக்கத் தெரிந்தவருக்கு யார் வேலை தருகிறார்கள்? பேசத் தெரிந்தவருக்கே தருகிறார்கள். பழைய தாள்களைப் பிரித்துப் படிப்பது ஆவணக் காப்பகத்தின் பணி, கல்லூரியின் பணியன்று.' சிலர் தலையசைத்தார்கள். எனக்கு உடம்பு சுட்டது. அதே சமயம் அந்த வாக்கியம் நன்றாக அமைந்திருக்கிறது என்றும் தோன்றியது. இரண்டும் உண்மை, உங்களிடம் மறைக்க எதுவுமில்லை.

"தப்பான ஃபைலுன்னு சொல்லிரு," என்றார் மேடம் மெல்ல.

சொல்லியிருக்கலாம். அறை வாசலில் அலுவலக எழுத்தர் நின்றுகொண்டிருந்தார், பென் டிரைவிலிருந்து திட்டத்தை அச்செடுத்துக் கொடுத்தவர், தற்காலிகப் பணியாளர். நான் வாய் திறந்தால் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பியிருக்கும். அதைவிட முக்கியமாக, நான் எழுதியதை நான் எழுதவில்லை என்பதுபோல் பேசி ஒரு கூட்டத்தில் தப்பிப்பது எனக்குத் தெரியாத வித்தை. எழுந்து நின்றேன்.

"ஐயா, அதை எழுதினது நான். ஒவ்வொரு எழுத்தும் என்னுது. எங்க துறையோட திட்டம் அது இல்லை. அதுக்கு நான் பதில் சொல்லணும். நேரம் வேணும்."

அறையில் சிரிப்பு எழுந்தது. குளிர்சாதனத் துறைக்காரர், "நீங்களே கேஸு போட்டு நீங்களே வாதாடுவீங்களோ?" என்றார்.

"இதென்ன பட்டிமன்றமா அப்பு?" என்றார் செயலர்.

"பட்டிமன்றம்னா ரெண்டு பக்கமும் கேட்டுட்டுத்தான்யா தீர்ப்பு. நீங்க ஒரு பக்கந்தான் கேட்டிருக்கீங்க. அதுவும் என் வாயால."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பேசு. சாப்பாட்டுக்கு முன்னாடி முடி."

என் வாழ்நாளில் எத்தனையோ பேரை மேடையில் எதிர்த்திருக்கிறேன். இவ்வளவு வலுவான எதிராளியை அன்றுதான் சந்தித்தேன். அவன் எங்கே ஓட்டை விட்டிருப்பான் என்று தேடினால், ஓட்டைகளை நானே ஒவ்வொன்றாக அடைத்து வைத்திருந்தேன்.

ஆனாலும் பேசினேன். பேசத் தெரிந்தவருக்கே வேலை என்ற வரியை முதலில் எடுத்தேன். வேலை கிடைத்த அன்றே ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் யாரும் உங்களைப் பேசச் சொல்வதில்லை. அங்கே வாசிக்கத்தான் வேண்டும் என்றேன். நாம் உச்சரிப்பைத் திருத்தி அனுப்பும் பிள்ளை, எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியாமலே மிக அழகாக 'யெஸ்' சொல்லும் என்றேன். கணினி வரட்டும், காதுக் கருவி வரட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் எதிரில் இருப்பவன் அனுப்பிய தாளைப் படித்து, முடியாது என்று எழுதக் கற்றுத்தரும் மென்பொருள் இருந்தால் எனக்குக் காட்டுங்கள் என்றேன். பிறகு எங்கள் மாணவியை எழுந்து நிற்கச் சொன்னேன்.

அவர் கையோடு கொண்டுவந்திருந்த வீட்டுத் தாளைப் பிரித்தார். வெளியூர் வாங்குநர் ஒருவர் எழுதியது. அனுப்பிய தோல் ரகம் குறைவு, ஏற்க மாட்டோம் என்ற கடிதம். ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"இதுக்கு முன்னாடின்னா அத்தா எதுத்துப் பேசாம லோடத் திருப்பி எடுத்துக்குவாங்க சார். இதோட பழைய ஒப்பந்தத் தாள வகுப்புல வச்சுப் படிச்சோம். சரக்கு எறங்கி ஒரு வாரத்துக்குள்ள சொல்லணும்னு அதுல அவுங்களே போட்டிருக்காங்க. இவுங்க மாசங் கழிச்சுச் சொல்றாங்க. அதத்தான் பதில்ல எழுதுனேன். நானே எழுதுனேன். அவுங்க லோடத் திருப்பி அனுப்பல."

செயலர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். அவருக்கு அதை வாசிக்க வராது. இருந்தும் வெகுநேரம் பார்த்தார். "என்கிட்டயும் இந்த மாதிரி நெறைய கெடக்கு," என்றார்.

அப்போதே உட்கார்ந்திருந்தால் நான் வென்றவன். ஆனால் என் கட்டுரையில் இன்னொரு வாதம் மீதமிருந்தது. அதை விட்டுவிட்டு உட்கார்ந்தால் எதிர்த்தரப்பு சிரிக்கும். 'சேர்பவர்களில் பலர் பொங்கலுக்குப் பின் வருவதில்லை. விரும்பாததை விட்டுப் போகிறார்கள். காலியான பெஞ்சுகளைவிட வேறு சாட்சி எதற்கு?' இதற்கு நான் தயாரித்து வைத்திருந்த பதில், குடும்பச் சூழலும் முயற்சிக் குறைவும். அந்தச் சொற்களோடு தொடங்கினேன்.

"அது இல்ல சார்."

பின்னாலிருந்து வந்தது எங்கள் மாணவியின் குரல். அவர் உட்காரவில்லை.

"முயற்சியெல்லாம் இருந்துச்சு சார். வகுப்பு பதினோரு மணிக்கு. மண்டில ரகம் பிரிக்கிறதே அப்பத்தான். நான் தங்கச்சிய நிறுத்திட்டு வாரேன், எனக்கு முடிஞ்சுது. வத்தலக்குண்டு அக்கா கடையில தனியாளு. நெய்க்காரப்பட்டி அண்ணனுக்கு அறுப்பு வந்துருச்சு. நத்தத்து அண்ணன் மாங்கா ஏவாரத்துல சிக்கிக்கிட்டாரு. யாருக்கும் புடிக்காமப் போகல. ரெண்டு வாரம் வரலைன்னதும் பேர அடிச்சுட்டீங்க. ஏன் வரலைன்னு யாரும் கேக்கல. நீங்களும் கேக்கல சார்."



மேடையில் எதை வேண்டுமானாலும் செய்யலாம், வாதத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் பயிற்சி. எதிராளி சரியாகச் சொன்னாலும் வேறு பக்கம் இழுத்துப் போய்விட வேண்டும். எனக்கு அதில் நல்ல கைத்தேர்ச்சி உண்டு. ஆனால் அந்த நாற்காலியருகே நின்றிருந்தவர் எதிராளி அல்லர். பெயர் அடிக்கும் சிவப்பு மை என் பேனாவில்தான் இருந்தது.

"இதுக்கு எங்கிட்டப் பதில் இல்லை," என்றேன். "அந்தப் பெஞ்சு காலியானதுக்குக் காரணம் நான். ஆனா ஐயா, அது வகுப்ப மூடுறதுக்குக் காரணம் இல்லை. நேரத்த மாத்துறதுக்குக் காரணம். அத மட்டும் நான் விட்டுத்தர மாட்டேன்."

இதைத்தான் மன்னிப்புக் கேட்டேன் என்று சிலர் சொல்கிறார்கள். நீங்களே கேட்டீர்கள்.

செயலர் முதல்வரோடு தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மிசினு வரத்தான் போகுது. அத நிறுத்த மாட்டேன். உங்க ரூமு அதுக்கு வேணும். ஜூன் வரைக்கும் உங்களுக்கு டைம். எந்த நேரத்துல வேணும்னாலும் நடத்திக்கங்க. போனவுங்க திரும்ப வந்து கடைசி வரைக்கும் உக்காந்தாங்கன்னா உங்களுக்கு வேற ரூமு பாத்துத் தாரேன். இல்லைன்னா நீ எழுதுன மாதிரியே கௌரவமா வெலகிக்க." தாள்களை அடுக்கினார். "பேச்சுல ஜெயிச்சுட்டேன்னு நெனைக்காத. பெஞ்ச நெரப்பு."

வெளியே வந்ததும் எழுத்தர் ஓடிவந்தார்.

"சார், ஒண்ணுல நாலு பக்கம் இருந்துச்சு, ரெண்டுல ஆறு பக்கம். நாலுக்கு மேல போகக் கூடாதுன்னு சர்க்குலர். அதான் ஒண்ண எடுத்தேன். உள்ள படிக்கல சார்."

"நீங்க செஞ்சது சரிதாண்ணே," என்றேன். சுற்றறிக்கையை அவர் மதித்தார். எதிரிக்கு நான்கு பக்கத்தில் கச்சிதமாக எழுதிவிட்டு, எனக்கு ஆறு பக்கம் அளந்தவன் நான்.

வண்டி நிறுத்தும் இடத்தில் மேடம் கைப்பையைத் தோளில் மாட்டியபடி நின்றார். மதிய வெயிலில் அவர் முகம் வேர்த்திருந்தது.

"நான் கிழின்னேன். நீ கிழிக்கல," என்றார். "சரி, விடு. நானும்தான் அன்னிக்கு ஆபீசுக்கு ஃபோன் போட்டு எத அனுப்புறீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. இப்பச் சொல்லு, மண்டிக்காரங்களுக்கும் கடைக்காரங்களுக்கும் எத்தன மணிக்கு ஒத்துவரும்?"

"ஆறரைக்கு வச்சா நான் தங்கச்சியத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல மேடம்," என்றார் மாணவி. "மண்டி தொறக்கிறதுக்குள்ள போயிரலாம்."

"காலைல ஆறரையா? ஏத்தா, என் முட்டி எந்திரிக்கிறதே ஏழு மணிக்குத்தான்."

மாணவி சிரித்தார். பிறகு தயங்கி என்னிடம், "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். தப்பா சார்?" என்று கேட்டார்.

"இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டியது."

"அந்த நத்தத்து அண்ணன் இன்னமும் நோட்டு வச்சிருக்காரு சார். போன மாசம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். சார் என்னைய மறந்திருப்பாருன்னாரு."

நானும் நத்தத்துக்காரன். நாள்தோறும் அந்த வழியில்தான் பேருந்தில் வந்து போகிறேன். அவருடைய மாந்தோப்பு சாலையிலிருந்து தெரியும். ஒருநாளும் இறங்கியதில்லை.

இதை எழுதும் இந்த நேரத்தில் ஜூன் இன்னும் வரவில்லை. ஆகவே முடிவை உங்களுக்குச் சொல்ல என்னால் இயலாது. அன்று நான் உரக்கச் சொன்னதை மட்டும் சொல்கிறேன். தையல் வகுப்புப் பெண்கள் அப்போது உணவுப் பாத்திரங்களோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். என் குரல் தானாக உயர்ந்தது. "இங்க மைக் இல்லப்பா," என்றார் மேடம். இருந்தும் நிறுத்தவில்லை. எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன்.

"போன ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நானே போறேன். வத்தலக்குண்டுக்கும் போறேன், நெய்க்காரப்பட்டிக்கும் போறேன், நத்தத்துல இன்னிக்குச் சாயங்காலமே எறங்குறேன். ஏன் வரலைன்னு அவுங்க வாயால கேக்காம இனி ஒரு பேரையும் அடிக்க மாட்டேன். திங்கக்கெழம காலைல ஆறரைக்கு வகுப்பு. ஒருத்தர் வந்தாலும் நடத்துவேன். ஜூன்ல இந்த ரூமப் பூட்ட யாராவது வந்தாங்கன்னா, உள்ள ஆளு இருக்கும், பூட்ட முடியாது."